கிண்டர்கார்டன் முதல் அங்கன்வாடி வரை: முன்பருவக் கல்வி வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கும் பெற்றோரும், தேர்வுக்காகக் கல்வியியல் படிக்கும் ஆசிரியப் பயிற்சி மாணவரும் இந்த வரலாற்றைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாடநூல்கள் அறிஞர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாகத் தருகின்றன. ஆனால் அந்த வரிசைக்கு அடியில் இன்னும் தீராத ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் இடமா, குழந்தை தன் போக்கில் கற்கும் இடமா, அல்லது ஒன்றாம் வகுப்புக்கு முன்கூட்டியே தயார் செய்யும் இடமா என்பதே அந்த வழக்கு. கீழே உள்ள விடைகள் அதை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

முன்பருவக் கல்வி என்று எந்த வயதைச் சொல்கிறோம்?

உலக அளவில் பிறப்பு முதல் 8 வயது வரை உள்ள காலம் குழந்தைமையின் தொடக்கப் பருவமாகக் கொள்ளப்படுகிறது. நம் நாட்டுப் பேச்சில் முன்பருவக் கல்வி என்றால் 3 முதல் 6 வயது வரை என்பதே பொருள். தமிழ்நாட்டில் பாலர் பள்ளி, மழலையர் பள்ளி, பாலவாடி, அங்கன்வாடி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் முன்பள்ளி என்பார்கள். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு வந்தவை என்பதால், அவற்றை ஒன்றாகக் கருதி வரலாறு எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

ஐரோப்பியர் வருமுன் நம்மிடம் இத்தகைய கல்வி இருந்ததா?

பள்ளி என்ற வடிவில் இல்லை. விசயதசமி நாளில் ஏடு தொடங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதத் தொடங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் ஐந்து வயதாகியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகள் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை. அந்த வாய்ப்பும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இருக்கவில்லை, பெண் குழந்தைகளுக்கு அரிதாகவே இருந்தது என்பதை மறந்து திண்ணைப் பள்ளியைப் புகழ்வது நேர்மையாகாது.

எனினும் குழந்தை மாதம் மாதமாக வளர்வதைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் நம் இலக்கியத்தில் இருந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில், கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும், கை தட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும் வகுக்கப்பட்டன. அங்கே கடவுளே குழந்தையாகிறார் என்றாலும், தாலாட்டும் கைகொட்டலும் நிலாவை அழைத்தலும் வீட்டில் தாய்மார் செய்துவந்தவையே.

திண்ணைப் பள்ளியின் ஒரு வழக்கம் கடல் கடந்தும் சென்றது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த துணை ஆசிரியர்கள் அதற்கு இசையாததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை வைத்தே சிறியவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். நாம் சட்டாம்பிள்ளை முறை என்று அறிந்திருப்பதற்கு மிக நெருங்கிய இந்த ஏற்பாடு, 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. அது சிறு குழந்தைகளுக்காக உண்டானதன்று; ஆனால் பின்னர் அங்கே தோன்றிய மழலையர் பள்ளிகளின் நடைமுறையில் அதன் சாயல் விழுந்தது.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் தனியிடம் வேண்டும் என்ற எண்ணம் எங்கே தோன்றியது?

எண்ணம் முதலில் புத்தகத்தில் தோன்றியது. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமினியஸ், 1630-களிலேயே ஆறு வயது வரையிலான கல்வியைத் 'தாயின் மடிப் பள்ளி' என்று வகுத்து எழுதினார். 1658-இல் அவர் வெளியிட்ட படநூல், குழந்தைகளுக்கான படப் பாடநூல்களுக்கு முன்னோடி. ஆனால் அவர் மனத்தில் இருந்த பள்ளி வீடுதான், ஆசிரியர் தாய்தான்.

வீட்டுக்கு வெளியே ஓர் இடம் ஏற்படுவதற்கு வறுமை காரணமாயிற்று. பிரான்சின் அல்சாஸ் மலைப்பகுதியில் பாதிரியாராக இருந்த ஓபர்லின், 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெற்றோர் வயலுக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட குழந்தைகளை உள்ளூர்ப் பெண்களின் பொறுப்பில் கூட்டிவைத்தார். சாரா பான்செ, லூயிஸ் ஷெப்லர் ஆகிய இளம்பெண்கள் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பின்னல் வேலை, பாட்டு, செடிகொடிகளின் பெயர், பிரெஞ்சு மொழி ஆகியவற்றைக் கற்பித்தார்கள். வரலாற்று நூல்கள் ஓபர்லினின் பெயரை முன்னிறுத்துகின்றன. நாள்தோறும் குழந்தைகளோடு இருந்தவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

அடுத்த பெரிய கட்டம் தொழிற்சாலையில் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816 ஜனவரி 1 அன்று அவர் திறந்த கல்விக்கூடத்தில், நடக்கக் கற்ற குழந்தை முதற்கொண்டு சேர்க்கப்பட்டது. ஜேம்ஸ் புக்கனன் என்ற நெசவாளியும் மோலி யங் என்ற 17 வயதுப் பெண்ணும் அங்கே ஆசிரியர்கள். எக்காரணத்துக்காகவும் குழந்தையை அடிக்கவோ மிரட்டவோ கூடாது, புத்தகத்தால் அதைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பவை ஓவனின் கட்டளைகள். ஆட்டமும் பாட்டும், சுவரில் பெரிய விலங்குப் படங்களும் வரைபடங்களும், கையில் எடுத்துப் பார்க்கும் பொருள்களுமே பாடம். தாய்மார் கவலையின்றி ஆலையில் வேலை செய்தது முதலாளியான அவருக்கு ஆதாயமாகவும் இருந்தது; அதைச் சொல்வதால் அவர் செய்ததன் மதிப்புக் குறைந்துவிடாது.

ஓவனின் பள்ளி அப்படியே பரவியதா?

பெயர் பரவியது, உள்ளீடு மாறிவிட்டது. புக்கனன் லண்டனுக்கு அழைத்துவரப்பட்டார். அவரிடமிருந்து கற்ற சாமுவேல் வில்டர்ஸ்பின் 1820-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்சு பகுதியில் ஒரு மழலையர் பள்ளியை ஏற்று, பின்னர் நாடெங்கும் சுற்றி அத்தகைய பள்ளிகளைத் தொடங்கிவைத்தார். விளையாட்டு முற்றம் என்பதைப் பள்ளியின் இன்றியமையாத பகுதியாக்கியவர் அவர். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரே ஆள் கவனிக்கும் பொருட்டுப் படிப்படியாக உயரும் இருக்கைகளில் உட்காரவைத்து, அனைவரையும் ஒரே குரலில் சொல்லவைக்கும் முறையும் அவரால்தான் வேரூன்றியது. சிறார் எண்ணிக்கை கூடி ஆசிரியர் எண்ணிக்கை குறையும்போதெல்லாம் இந்தக் கோரஸ் ஒப்புவித்தல் திரும்பி வருகிறது. நம்மூர் எல்.கே.ஜி. வகுப்பின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் அதை இன்றும் கேட்கலாம்.

கிண்டர்கார்டன் என்ற பெயரை யார் வைத்தார்? அதற்கு என்ன பொருள்?

ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் வைத்தார். 1782-இல் துரிங்கியா மலைநாட்டில் பிறந்த அவருக்கு ஒன்பது மாதமானபோதே தாய் இறந்துவிட்டார். சுவிட்சர்லாந்தில் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலாசியின் பள்ளியில் இரண்டாண்டுகள் இருந்து பார்த்தார். பெர்லினில் கனிமவியல் சேகரிப்பு ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றினார். படிகங்களின் வடிவ ஒழுங்கில் அவர் கண்ட வியப்பே, பிற்காலத்தில் குழந்தையின் கையில் உருண்டையும் கனசதுரமுமாக வந்து சேர்ந்தது எனலாம். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர், 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்னும் பொருளில் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். தோட்டம் என்பது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கே சிறு பாத்தி உண்டு. விதைப்பதும் நீர் ஊற்றுவதும் குழந்தையின் பொறுப்பு.

அவர் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களுக்குக் 'கொடைகள்' என்று பெயர். முதற்கொடை ஆறு நிறக் கம்பளி நூற்பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகச் சேரும் ஒரு கனசதுரம். முழுமையைப் பிரித்துப் பார்ப்பதும் மறுபடி சேர்ப்பதும் கற்றலின் அடிப்படை என்பது அவர் கருத்து. இவற்றோடு காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் போன்ற 'தொழில்களும்' உண்டு. 1844-இல் அவர் தாய்க்கும் குழந்தைக்குமான பாட்டுகளையும் விரல் விளையாட்டுகளையும் தொகுத்து வெளியிட்டார். சப்பாணி கொட்டியும் சாய்ந்தாடியும் வளர்ந்த நமக்கு அதில் புதுமை தோன்றாது. ஆனால் அடுப்படியில் நிகழ்வதைக் கல்வி என்று ஏற்றுக்கொண்டு, அதைச் செய்பவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று வாதாடியதுதான் அங்கே புதிது. பெண்களை அப்பணிக்குப் பயிற்றுவித்ததன் மூலம், வீட்டுக்கு வெளியே பெண்களுக்கு மதிப்புள்ள ஒரு தொழிலையும் அவர் திறந்துவிட்டார்.

அத்தகைய பள்ளியைப் பிரஷ்ய அரசு ஏன் தடை செய்தது?

பிரஷ்யா அன்றைய ஜெர்மன் அரசுகளுள் ஒன்று. 1848-இல் அங்கே எழுந்த புரட்சி அடங்கியபின் ஆட்சியாளர்கள் எதைக் கண்டும் அஞ்சிய காலம் அது. 1851 ஆகஸ்டில், கிண்டர்கார்டன்கள் இறைமறுப்பையும் சமவுடைமைக் கருத்தையும் வளர்ப்பவை என்று கூறிப் பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் அவற்றைத் தடை செய்தார். ஃப்ரோபெலின் உறவினரான கார்ல் ஃப்ரோபெல் எழுதிய ஒரு வெளியீட்டை இவருடையதாக எண்ணிக்கொண்ட ஆள் குழப்பமும் அதில் கலந்திருந்தது. தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னும் தடை நீங்கவில்லை. மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்தார்; தடை 1860-இல்தான் விலக்கப்பட்டது.

தடையும் அக்கால அரசியலும் கிண்டர்கார்டனை உலகெங்கும் கொண்டுசென்றன. ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்களில் ஒருவரான மார்கரெத்தெ ஷூர்ஸ், 1856-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தம் வீட்டிலேயே ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில் அது பொதுப்பள்ளியின் பகுதியாயிற்று. 1876-இல் டோக்கியோவிலும் ஒன்று திறக்கப்பட்டது.

மாண்டிசோரி முறை கிண்டர்கார்டனிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மரியா மாண்டிசோரி மருத்துவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பணியாற்றியபோது புலன்களின் வழியே கற்பிக்கும் கருவிகளைச் சோதித்தவர். ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பைப் புதுப்பித்த கட்டட நிறுவனம், பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் படிக்கட்டுகளையும் சுவர்களையும் பாழாக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி தேடியது. அந்தத் தேவைக்காக 1907 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டதுதான் 'குழந்தைகள் இல்லம்'. உலகின் பல நகரங்களில் இன்று மிகுந்த கட்டணம் பெறும் ஒரு முறை, சுவரில் கிறுக்கல் விழாமலிருக்க ஏற்பட்ட ஏற்பாட்டில் தொடங்கியது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ஃப்ரோபெலிடம் கற்பனை விளையாட்டுக்கு இடமுண்டு. ஆசிரியர் பாட்டோடு குழுவை வழிநடத்துவார். மாண்டிசோரியிடம் குழந்தை தனக்கான வேலையைத் தானே எடுத்து, முடித்து, இருந்த இடத்திலேயே வைக்கும். அளவு வேறுபட்ட மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் கருவியில், ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். தவறைக் கருவியே காட்டிவிடும், ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலியும் அலமாரியும் வகுப்பறைகளில் இயல்பாகிவிட்டதற்கு அவர் பங்கு பெரிது. விளையாட்டு என்ற சொல்லை விட 'வேலை' என்ற சொல்லையே அவர் விரும்பினார் என்பதால், கற்பனைக்கு இடம் தரவில்லை என்ற குறை அன்றுமுதல் அவர் மீது சொல்லப்பட்டு வருகிறது. அக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு.

மாண்டிசோரி சென்னையில் வாழ்ந்தார் என்பது உண்மையா?

உண்மை. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் அவர் அடையாறுக்கு வந்தார். சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அவ்வழைப்பின் பின்னே இருந்தவர்கள். ஒருசில மாதங்கள் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் இந்தியாவில் அவர்கள் பகை நாட்டாராகிவிட்டனர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்துக்குள் இருக்கப் பணிக்கப்பட்டார். அவருடைய 70-ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று, பிறந்தநாள் பரிசாக மகன் விடுவிக்கப்படுவதாக வைஸ்ராயிடமிருந்து செய்தி வந்தது. நெடுங்காலம் வெளியுலகுக்கு மாரியோ அவருடைய மகன் என்று சொல்லப்படவில்லை. அதனால் அச்செய்தியில் இருந்த 'மகன்' என்ற சொல்லும் ஒரு பரிசே.

போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்த அவர், அங்கே ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்வியை விரிவாக்கினார். 1946-இல் ஐரோப்பா திரும்புவதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர்.

அங்கன்வாடி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கருவாட்டு வாடியையும் வாடிவாசலையும் அறிந்த தமிழ்க் காதுக்கு இது நம் சொல் போலவே ஒலிக்கும். ஆனால் வந்தது மேற்கு இந்தியாவிலிருந்து. அங்கண் என்றால் முற்றம், வாடி என்றால் தோட்டம். பாலவாடி என்பது கிண்டர்கார்டன் என்பதன் நேர்ப் பொருளே என்பதையும் கவனிக்கலாம்.

இச்சொல்லுக்குப் பின்னே தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரு பெண்களின் கதை இருக்கிறது. அது கிஜுபாயிடமிருந்து தொடங்குகிறது. வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவைக் குழந்தைகள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தனர். மாண்டிசோரியின் கருத்துகளை ஏற்ற அவர், கதைக்கும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் மாண்டிசோரி தராத இடத்தைத் தந்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், நகரத்து நடுத்தர வகுப்பினரின் பிள்ளைகளுக்கே இக்கல்வி போய்ச் சேர்வதைக் கண்டு மனம் மாறி, 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்றார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் பாலவாடிக்கு வரவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் மாடு மேய்க்கவும் வேண்டியிருந்தது. கூப்பிட்டும் வராத நிலையில், பாலவாடியே குடியிருப்பின் முற்றத்துக்குச் சென்றது. அதுவே அங்கன்வாடி. விலை மிகுந்த இறக்குமதிக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல்லும் விதையும் கிளிஞ்சலும் இலையும் பாடப் பொருள்களாயின. 1957 முதல் கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையே பணி தொடர்ந்தது. மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தும் முயற்சியும் அங்கே நடந்தது. ஃப்ரோபெல், மாண்டிசோரி ஆகியோருக்குப் பாடநூல்களில் பல பக்கங்கள் கிடைக்கின்றன. தாராபாய், அனுதாய் இருவருக்கும் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம்.

அரசின் அங்கன்வாடி பள்ளியா, சத்துணவுக் கூடமா?

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மாருக்கான நலக்கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறையும் ஒரே மையத்தில் சேர்த்தது. பசித்த, நோயுற்ற குழந்தைக்குப் பாடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்ற எண்ணம் இதன் அடிப்படை. லண்டனின் டெப்ட்ஃபோர்டில் 1914-இல் மக்மில்லன் சகோதரிகள் நடத்திய திறந்தவெளி மழலையர் பள்ளியும், குளியல், உணவு, உறக்கம், காற்று ஆகியவற்றையே முதல் பாடமாகக் கொண்டது.

தமிழ்நாட்டில் உணவுப் பகுதிக்குத் தனி வலிமை கிடைத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான மையங்களையும் உள்ளடக்கியிருந்தது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்ற அமைப்பில் எடை பார்த்து, பதிவேடு எழுதி, சமைத்துப் பரிமாறி, எஞ்சிய நேரத்தில்தான் பாட்டும் கதையும் நடக்கின்றன. ஆறு பணிகளில் எது முதலில் சுருங்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

இக்கல்வியால் நீண்டகாலப் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி ஆய்வு. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேர் மட்டும் மழலையர் பள்ளியில் சேர்க்கப்பட்டு, இரு குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் தோன்றிய வேறுபாடு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் பள்ளியிறுதி வரை படித்தவர்களும், நிலையான வருவாய் பெற்றவர்களும், குற்ற வழக்குகளில் சிக்காதவர்களும் மழலையர் பள்ளிக் குழுவில் கூடுதலாக இருந்தனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறியது என்பதையும், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிறு குழுக்களோடு பணியாற்றி வாரந்தோறும் வீடுகளுக்கும் சென்ற திட்டம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐம்பது குழந்தைகளை ஓர் அறையில் அடைத்து நடத்தும் பள்ளி, தன் விளம்பரத்தில் இந்த ஆய்வைக் காட்ட உரிமையற்றது.

மழலையர் கல்வி இந்தியாவில் சட்டப்படி உரிமையா?

இல்லை. அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு முதலில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் குறித்தது. கீழ் வயது வரம்பு அதில் இல்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள், நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாத, அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாட்டிலேயே விடப்பட்டனர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லி நின்றுகொண்டது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் இடையே சில கோடிக் குழந்தைகள் இருக்கிறார்கள். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தள நிலையாக வகுத்துள்ளது, கொள்கை சட்டமாகிவிடாது.

அப்படியானால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்பவை யாருடைய முறை?

ஃப்ரோபெலுடையதும் இல்லை, மாண்டிசோரியுடையதும் இல்லை. கே.ஜி. என்ற இரு எழுத்துகளில் கிண்டர்கார்டன் இருக்கிறது. பாத்தியும் விதையும் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இடத்தைப் பிடித்துவைக்கும் தேவையே இவ்வகுப்புகளை வளர்த்தது. பள்ளிப் பிள்ளைகளின் பாடச்சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993-இல், நர்சரிச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்க வேண்டும் என்றும், சிறு குழந்தைகள் மீது எழுத்தையும் எண்ணையும் அளவுமீறித் திணிப்பது வன்முறை என்றும் தெளிவாக எழுதியது. அதற்குப் பின்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தராத பள்ளியைப் பெற்றோரே ஐயத்தோடு பார்க்கிறார்கள்.

அரசு மையங்களை விட்டுப் பெற்றோர் விலகுவதைத் தடுக்க, தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. முற்றத்துத் தோட்டம் என்று பெயர் பெற்ற மையத்துக்குள் 'கீழ்நிலைக் குழந்தைத் தோட்டம்', 'மேல்நிலைக் குழந்தைத் தோட்டம்' என்ற இரண்டு வகுப்புகள் இவ்வாறு வந்து சேர்ந்தன. அவற்றுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் தொடக்க வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்கள்.